12 லட்சத்துக்குள் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: நெல்லையில் இருந்துகொண்டு எப்படிப் பிடிப்பது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் 12 லட்சம் இருக்கிறது, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். நாகர்கோவிலில் 2016 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தது (எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியது), சைலன்சர் மாற்றியது, ஏழரை லட்சம். பெங்களூரில் 2016 மாடல் அபார்த் புன்டோ, சிங்கிள் ஓனர், ஆறரை லட்சம். கொச்சியில் 2010 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4, மூன்றாவது ஓனர், 12 லட்சம். "இதில் எது நல்ல டீல், அண்ணாச்சி?" என்பது கேள்வி.

முதலில் இசட்4-ஐ மறந்துவிடுங்கள் தம்பி. மனசு கேட்காது, தெரியும். கூரையை மடக்கிவிட்டுக் குற்றாலம் ரோட்டில் சாரலில் போவதாக ஏற்கனவே கற்பனை ஓடியிருக்கும். புதிதில் அரைக் கோடிக்கு மேல் விற்ற வண்டி 12 லட்சத்துக்கு வருகிறது என்றால் இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டும்தான். பிரேக் டிஸ்க், டர்போ, சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் இன்னும் அரைக் கோடி ரூபாய் காருக்கான விலையில்தான் இருக்கின்றன. அதில் இருக்கும் 35ஐ என்கிற எஞ்சினில் ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப் போவது உலகம் முழுக்கத் தெரிந்த வியாதி. மடங்கும் கூரை ஹைட்ராலிக்கில் இயங்குவது. பாதி மடங்கி நின்றுவிட்டால் நம் ஊரில் கையை வைக்க ஆள் கிடையாது. மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 2010 வண்டிக்கு ஆர்சி 15 வருடம், அதாவது 2025-ல் முடிந்திருக்கும். இறக்குமதிக் காருக்கு அதைப் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 40,000 ரூபாய். சாதாரண காருக்கு 5,000. கொச்சிக்காரர் இந்தச் சமயத்தில் விற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 12 லட்சமும் வண்டிக்கே போய்விட்டால் அப்புறம் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

மற்ற இரண்டுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கணக்கு. விற்பவர் சொல்வது கேட்கிற விலை. வண்டி உங்கள் வாசலுக்கு வந்து, உங்கள் பெயருக்கு மாறி, முதல் சர்வீஸும் முடிந்து நிற்கும்போது கையை விட்டுப் போயிருக்கும் தொகைதான் நிஜமான விலை. இந்த மாதிரி வண்டிகளில் இரண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு லட்சம் சாதாரணமாக வித்தியாசம் வரும். நாலு டயர், பேட்டரி, பிரேக் பேட், எல்லா ஆயிலும் கூலன்ட்டும், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், வெளிமாநிலம் என்றால் வரி. அதனால் 12 லட்சம் இருக்கிறது என்றால் 9 லட்சத்துக்கு மேல் வண்டியைப் பார்க்கவே போகாதீர்கள்.

பெங்களூர் அபார்த்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். வெளிமாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) எடுக்க வேண்டும், இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வரி கூடியது. இப்போது புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்து சதவீதம் குறையும். ஆனால் கணக்குப் போடுவது நீங்கள் கொடுத்த ஆறரை லட்சத்துக்கு இல்லை, வண்டி புதிதாக விற்ற விலைக்கு. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அபார்த் 2015-ல் வந்தபோது 9.95 லட்சம். அதனால் ஒரு லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்டிஓ ஆபீஸில் சரியான தொகையைக் கேட்டுவிடுங்கள். கர்நாடகத்தில் அவர் கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. வரும்போது வரட்டும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெங்களூர் வண்டி என்றால் டிராஃபிக் அபராதமும் பார்க்க வேண்டும். சிக்னல் தாண்டியது, ராங் பார்க்கிங் என்று ஒரு நீளப் பட்டியலே நிலுவையில் இருக்கும். அதைத் தீர்க்காமல் வண்டி நகராது. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, பேங்க் கடன் ஓடுகிறதா என்பதெல்லாம் வந்துவிடும். கடன் இருந்தால் பேங்க் கொடுக்கும் என்ஓசியும் கடன் முடிந்ததற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வந்து, ஆர்சியில் இருக்கும் ஹெச்பி (கடன் பதிவு) கேன்சல் ஆகும் வரை முழுப் பணம் கொடுக்கக் கூடாது. "கடன் கட்டியாச்சு, பேப்பர் பின்னாடி வரும்" என்பது புரோக்கர்களின் தேசிய கீதம்.

வண்டியைப் பொறுத்தவரை, அபார்த் எனக்குப் பிடித்தது. 1.4 டர்போ எஞ்சின், 145 குதிரைத்திறன், மேனுவல் கியர், நாலு வீலிலும் டிஸ்க். அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி அன்றைக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை. இன்றைக்கும் செகண்ட் ஹேண்டில் அந்தப் பணத்துக்கு அவ்வளவு சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. ஆனால் பிஎஸ்6 புகை விதி வரும் சமயத்தில் ஃபியட் இங்கே கார் விற்பதையே விட்டுவிட்டது. சாதாரண புன்டோவோடு பொதுவான சாமான்கள் எப்படியாவது கிடைத்துவிடும். அபார்த்துக்கென்றே வந்தவற்றை, உதாரணத்துக்கு டர்போவையும் அதன் பைப்புகளையும், நாலு ஊர் தேடி வாங்க வேண்டும். வீட்டில் இன்னொரு வண்டி இருந்து, இது ஒரு மாதம் ஷெட்டில் நின்றாலும் பரவாயில்லை என்றால் எடுங்கள். இதில்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால் வேண்டாம்.

நாகர்கோவில் போலோவுக்கு டிஎன்-74 நம்பர், வரித் தொல்லை இல்லை. அரை நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சிக்கல் வேறு இடத்தில். இதன் 1.2 டிஎஸ்ஐ எஞ்சினோடு இருப்பது டிக்யூ200 என்கிற ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். ஹைவேயில் வெண்ணெய் மாதிரி ஓடும், நெரிசலில் சூடேறும். ஆகவே டெஸ்ட் டிரைவை விற்பவர் காட்டும் நாலுவழிச் சாலையில் முடித்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நெரிசலில் விடுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து வண்டியைத் தானாக ஊர விட வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உடம்பை உலுக்கினால் கிளட்ச். கியர் எழுத்து டேஷ்போர்டில் மினுக்கினாலோ, ரிவர்ஸ் விழ யோசித்தாலோ மெகாட்ரானிக்ஸ், அதாவது கியர்பாக்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி. அதை மாற்றும் செலவு லட்சத்தைத் தொடும், தாண்டவும் தாண்டும்.

இதற்கு மேல் ரீமேப் வேறு. கம்பெனி கொடுத்த டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை, 175 நியூட்டன் மீட்டர். அந்த கியர்பாக்ஸ் தாங்கக்கூடியதே 250 வரைதான். ஸ்டேஜ் 1 போட்டால் அந்த எல்லையை நோக்கிப் போகிறீர்கள். காகிதத்தில் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில், ஏசியும் ஓட, நெரிசலில் தாங்குமா என்பது வேறு கேள்வி. ரீமேப் செய்தவர் வண்டியை எப்படி ஓட்டியிருப்பார் என்பதையும் யோசியுங்கள். ஐஸ்கிரீம் வாங்கப் போவதற்கு யாரும் ரீமேப் செய்வதில்லை. சத்தமான சைலன்சரும் சட்டப்படி செல்லாது. கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான். "ரெண்டு லட்சத்துக்கு வேலை பார்த்திருக்கேன்" என்று விற்பவர் சொன்னால் அந்த ரெண்டு லட்சத்தை விலையில் கூட்டாதீர்கள், கழியுங்கள். பழைய ஒரிஜினல் சாமான்களைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வைத்திருப்பவர் கொஞ்சம் பொறுப்பான ஆள்.

இனி நம் பக்கத்து விஷயம். எந்த வண்டியானாலும் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி, இங்கே ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கமும் கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமும் வீட்டு வாசலில் நின்ற கார்கள் எல்லாம் முங்கின. அதே மாதம் முதல் வாரத்தில்தான் மிக்ஜாம் புயலில் சென்னை முங்கியிருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி "டோட்டல் லாஸ்" என்று எழுதிய வண்டிகள் ஏலத்தில் போயின. ஏலத்தில் எடுத்தவர்கள் எல்லாரும் உடைத்துச் சாமானாக விற்கவில்லை. கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து, வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் விற்பது பழைய தொழில். சென்னையில் முங்கியது இங்கே வரும், இங்கே முங்கியது கோயம்புத்தூருக்குப் போகும்.

கண்டுபிடிக்க ஷாம்பு வாசனையை நம்ப வேண்டாம். டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், இனி வராது என்கிற வரை. அந்தக் கடைசி ஒரு முழம் எப்போதும் சுருளுக்குள்ளேயே இருப்பது, கழுவுகிறவர்கள் கை அங்கே போகாது. அதில் குறுக்கே ஒரு மங்கலான பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. அடுத்து, சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி டார்ச் அடித்து, சீட் தண்டவாளத்தின் போல்ட் தலையில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, பிளாஸ்டிக்குக்குப் பின்னால் தெரியும் ஒயர் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆற்று வண்டலும் தேரிச் செம்மணலும் வேறு வேறு, இதையும் நினைவில் வையுங்கள். சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் ஓடிய வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சிவப்புத் தூள் இருக்கும். அது குற்றமில்லை, ஃபில்டரை மாற்றினால் போதும்.

வெள்ளத்துக்கும் விபத்துக்கும் சேர்த்து ஒரே காகிதத்தில் துப்பு கிடைக்கும். பழைய இன்சூரன்ஸ் பாலிசி நகலைக் கேளுங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று இருக்கும். கிளெய்மே இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 என்று படிப்படியாக ஏறுவது அது. எட்டு வருட வண்டிக்கு 50 இருந்தால் நிம்மதி. 20-லேயே நின்றால், போன வருடத்துக்கு முந்தி என்ன நடந்தது என்று கேட்டே ஆக வேண்டும். பூஜ்யம் என்றால் சமீபத்தில் கிளெய்ம் போட்டிருக்கலாம், இல்லை இன்சூரன்ஸ் நடுவில் விட்டுப்போயிருக்கலாம், இல்லை வண்டி அண்மையில் கைமாறியிருக்கலாம். ஏனென்றால் அந்தப் போனஸ் ஆளைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததில்லை. உங்களுக்கும் அது வராது, அதனால் முதல் வருட பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் செருகிப் பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிவிடுங்கள், சில ஆயிரத்துக்குள் நல்லதே கிடைக்கும். எரர் கோட் பார்ப்பதற்கு மட்டும் இல்லை அது. நீங்கள் வருவதற்கு முன் விற்பவர் எச்சரிக்கை விளக்கை அழித்து வைத்திருப்பார், ஸ்கேனரில் கோட் எதுவும் காட்டாது. ஆனால் ரெடினஸ் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டுவது. கோட்களை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்து, கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான் ஒவ்வொன்றாக நிரம்பும். எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால் நேற்றோ இன்று காலையோ எதையோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எதற்கு என்று நேராகக் கேளுங்கள். முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் நீலப் புகை, சங்கிலிச் சத்தம் எல்லாம் சூடான எஞ்சினில் ஒளிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். 30,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லி, ஸ்டியரிங்கும் பிரேக் பெடல் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுங்கள். அதோடு, நம் பக்கம் கப்பல் வேலைக்காரர்கள் வண்டிகள் நிறைய விற்பனைக்கு வரும். ஓட்டம் நிஜமாகவே குறைவாக இருக்கும். ஆனால் ஆறேழு மாதம் ஷெட்டில் சும்மா நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும்.

பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆடியில் டெஸ்ட் டிரைவ் எடுத்தால் இன்னொரு விஷயம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அம்மியையே நகர்த்தும், காரை விடுமா? வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மென்ட் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எதிர்த்திசையில் திரும்பி அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் காற்று, மாறாவிட்டால் வண்டி.

நீங்கள் கேட்காத நாலாவது வண்டி ஒன்று சொல்கிறேன். 2020-லிருந்து 2022-ல் போலோ நிற்கும் வரை வந்த 1.0 டிஎஸ்ஐ. 110 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் என்றால் அந்த டிஎஸ்ஜி இல்லை, சாதாரண டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ். மேனுவலும் உண்டு. 1.0 டிஎஸ்ஐ இன்றைக்கு விற்கும் விர்டஸ், டைகுனிலும் இருப்பதால் எஞ்சின் சாமானுக்குப் பஞ்சம் வராது. தமிழ்நாட்டு நம்பர், ஒரே ஓனர், கை வைக்காத வண்டி என்று ஒன்று கிடைத்தால் 1.2 ஜிடி-யைவிடக் கொஞ்சம் கூடுதல் கேட்டாலும் கொடுக்கலாம். ஹூண்டாய் ஐ20 என் லைனும் உண்டு, 120 குதிரைத்திறன், சர்வீஸுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். மலைப்பாதை வளைவுகளில் யாருக்கும் சிரிக்க நேரம் இருக்காது.

விலை பேச ஆடி நல்ல மாதம். நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க ஆள் வராது. கடைக்காரர் கையில் சரக்கு தங்கி வட்டி ஏறும். அப்போது போய் டயர் இவ்வளவு, பேட்டரி இவ்வளவு என்று பில்லோடு உட்கார்ந்தால் சித்திரையில் இறங்காதது இறங்கும். வீட்டில் அம்மா ஆடியில் வேண்டாம் என்றால், டோக்கன் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெலிவரி எடுங்கள். பெயர் மாற்றத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி 30 நாளுக்குள் ஆர்டிஓ-வில் கொடுத்துவிட வேண்டும், 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள். பழையவருடைய ஃபாஸ்டேகையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நாங்குநேரி டோல் ஒவ்வொரு தடவையும் அவர் கணக்கில் போய், நடுராத்திரி உங்களுக்கு போன் வரும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. பெங்களூர்க்காரரிடம் சர்வீஸ் ரெக்கார்ட், கடைசி இரண்டு பாலிசி, நாலு டயரின் எண் தெரிகிற படம் மூன்றையும் கேளுங்கள். இரண்டு நாளில் அனுப்பினால் ரயிலேறுங்கள், அனுப்பாமல் "வாங்க, நேர்ல பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். நாகர்கோவில் போலோவை ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பார்க்கலாம். ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது.